நான்கு கிற்றாரும் ஒரு மச்சானும்

செவ்வாய், தாழ்வுபாடு

பழைய இசைக்குழு நண்பர்களுக்கு நாளை அனுப்பவேண்டிய பாட்டை இன்று மச்சானுக்குப் போட்டுக் காட்டினேன். கனமாக முழங்கட்டும் என்று ஒரே கிற்றாரை நான்கு தரம் வாசித்து, ஒலியைக் கரகரப்பாக்கும் இரைச்சலை முழுதாகக் கூட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தேன். அவன் படகு எஞ்சின் திருத்துகிறவன். கண்ணை மூடிக் கேட்டான்.

"அத்தான், பாடினவன் எங்கை? கடலுக்கை விழுந்திட்டானோ?"

"பாடினது நான்தானடா!"

"அப்ப ரெண்டு எஞ்சினை நிப்பாட்டுங்கோ. மிச்சத்தின்ரை புகையையும் குறையுங்கோ."

என்ன திமிர்! முப்பது வருடமாகக் கிற்றார் பிடிக்கிற எனக்கு, கிரீஸ் கையன் பாடம் எடுக்கிறான். அவன் சொன்னது பிழை என்று காட்டவே, அவன் போனபின் இரண்டை நிறுத்தி, இரைச்சலைப் பாதியாக்கினேன். என் குரல் சொல் சொல்லாகக் கேட்டது. கிற்றாரும் முன்னைவிடக் கனமாக இடித்தது.

பாட்டு நன்றாக வந்துவிட்டது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.