விக்கல் பாறை

அன்புள்ள அம்மாவுக்கு வெர்னா எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் வாஷிங்டனில் சுகமே.

நம் ஆற்று அணைக்கு மறு உரிமம் தருமுன் மீன் ஏற வழி வேண்டும் என்று நீ எழுதிய மனு திரும்பிவிட்டது. "விக்கல் பாறைன்னு ஒரு இடமே வரைபடத்துல இல்லையேங்க" என்றார் அதிகாரி.

"எப்படி இருக்கும்? உங்க அணைதானே அதை முழுங்கிச்சு!" என்றேன். அவரே சிரித்துவிட்டார்.

மனுவைத் திருத்தித் தர இருபதாம் தேதி கடைசி நாள். தவறினால் இன்னும் ஐம்பது வருடத்துக்கு நம்மை யாரும் கேட்கமாட்டார்கள். பாறையை மூடிய தண்ணீருக்கு அவர்கள் வைத்த பெயரை நீ வாயால்கூடச் சொன்னதில்லை. உன் காலைப் பிடிக்கிறேன், ஒரே தடவை 'ஹால்டன் ஏரி' என்று எழுது. என்னைத் திட்டிக்கொண்டாவது எழுது.

கூடவே புகைபோட்ட மீன் கொஞ்சம் அனுப்பு; இங்கே எதுவும் இறங்கவில்லை.

தபால் வண்டி வந்துவிட்டது. அம்மா, இங்கே நான் அவர்கள் வைத்த அந்தப் பெயரைத் தினமும் சொல்கிறேன்.

வெர்னா