காலி இடத்தில் போட்ட கோடு

பிட்ஸ்பர்க்

உபைத் மச்சானுக்கு ஸலாம்.

நீங்களும் பிள்ளைகளும் சுகமா? மாமிக்கு முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. பல்கலைக்கழக வேலை ஒழுங்காக நடக்கிறது.

போனில் சொன்னால் சிரிப்பீர்கள் என்று மெயிலில் எழுதுகிறேன். தினமும் காப்பி வாங்கும் கடையில் நேற்று முதல்முறையாக உட்கார்ந்து சாப்பிட்டேன். பரிமாறும் டீனா என் கார்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கார்டைக் கண்ணிலிருந்து விடக்கூடாதே என்று நானும் பின்னாலேயே போனேன். கையெழுத்துக்கு நீட்டிய சீட்டில், தொகைக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. செக் எழுதும்போதெல்லாம், "காலியா வுட்டா எவனாவது ரெண்டு சைபர் போட்டுக்கினு போய்டுவான்" என்பீர்களே, அந்த நினைப்பில் அழுத்தமாகக் கோடு போட்டு, 'ஒன்லி' என்றும் எழுதிவிட்டேன்.

டீனா முகம் சுருங்கிவிட்டது. "சாப்பாடு பிடிக்கலையா சாய்மா?" என்று கேட்டாள். ரொம்ப நன்றாக இருந்தது என்றேன். அவள் இன்னும் குழம்பினாள்.

அது டிப்ஸ் எழுதும் இடம் என்று இன்றுதான் கூட வேலை செய்பவர் சொன்னார். பரிமாறுபவர்களுக்குப் பாதிச் சம்பளமே அதுதானாம். முதலாளி கொடுக்க வேண்டியதை நான் ஏன் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. இப்போது போய்க் கையில் கொடுத்தால் அவமதிப்பா? கார்டில் சேர்க்கச் சொல்லலாமா? எவ்வளவு?

இன்று காப்பி குடிக்கவில்லை. யாரிடமாவது ரசப்பொடியும் என் பழைய சால்வையும் கொடுத்து அனுப்புங்கள். பஸ் வருகிறது. டீனா விஷயத்துக்கு மட்டும் இன்றே பதில் போடுங்கள். இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவள் அவள் ஒருத்திதான்.

சாய்மா