இரண்டாம் மாடி அக்காவுக்கு வந்த கம்ப்ளைன்ட்

மார்ச் 4, செவ்வாய்
விடுதி வரவேற்பு மேசைக்கு இன்று மூன்று போன். மூன்றாவது, நேற்று காலி செய்துபோன பதினான்காம் அறைப் பெரியவர். ரயில் நிலையத்திலிருந்து ஆங்கிலத்தில் பேசினார், ஒரே இரைச்சல். இரண்டாம் மாடி துடைக்கும் அக்காமேல் கம்ப்ளைன்ட்டாம். என்னை ‘வாடி போடி’ என்று உரிமையாகக் கூப்பிடும் அக்கா. என்ன செய்ய? புகார் நோட்டில் எழுதிவிட்டேன். என் ஆங்கிலத்தை மேனேஜர் மெச்சினார். தலைகால் புரியவில்லை.

மார்ச் 5, புதன்
விசாரித்து முடிக்கும்வரை வர வேண்டாம் என்று அக்காவை அனுப்பிவிட்டார்கள்.
“நான் என்னங்க தப்பு பண்ணேன்? அதையாவது எழுதியிருக்கீங்களா?”
எழுதவில்லை. நான் கேட்கவே இல்லையே! என்னைப் போய் ‘ங்க’ போட்டுப் பேசுகிறாள்.

மார்ச் 7, வெள்ளி
புகார் நோட்டை எடுத்து நான் எழுதியதையே மறுபடி படித்தேன்; ஒரே ஒரு வரி.

மார்ச் 10, திங்கள்
பெரியவரிடமிருந்து கடிதம். காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளும் அக்கா வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், நெற்றியில் ஈரத்துணி போட்டுப் பார்த்துக்கொண்டாளாம். ‘போனில் சொன்ன காம்ப்ளிமென்ட்டை அவரிடம் சேர்த்தீர்களா?’

காம்ப்ளிமென்ட். பாராட்டுடி மடச்சி, பாராட்டு! ரயில் இரைச்சலைக் குறை சொல்லலாம். ஆனால் போன் என்றாலே புகார்தான் என்று என் காது பழகிக் கிடக்கிறது. பாராட்டு எழுத இங்கே ஒரு நோட்டுகூட இல்லை.

பெரியவர் மனசு மாறிட்டார்னு சொல்லிட்டா யாருக்குத் தெரியப்போகுது? — எனக்குத் தெரியுமே.

மார்ச் 11, செவ்வாய்
சொல்லிவிட்டேன். மேனேஜர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். “இன்னொரு தடவை இப்படி நடந்தா நீயும் வீட்டுக்குத்தான்.” அக்காவை நாளை முதல் வரச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கடிதத்தைத் தமிழில் சொன்னேன். அக்கா முழுவதும் கேட்டாள். பிறகு, “என் பொண்ணே கேட்டுட்டா, ‘அங்க என்னம்மா எடுத்த?’ன்னு.”

அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். “இவ முன்னாடி இன்னொரு தடவை படிங்க.”

படித்தேன்.

மார்ச் 18, செவ்வாய்
புது நோட்டு வாங்கி, அட்டையில் ‘பாராட்டு’ என்று தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பெரியவரின் கடிதம் ஒட்டியிருக்கிறது.

அக்கா வேலைக்கு வந்து ஒரு வாரமாகிறது. ‘வாங்க, சொல்லுங்க’ என்பதற்கு மேல் பேச்சில்லை. முதல் மாடியிலிருந்து இன்று ஒரு போன். மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்டேன். வாளியோடு படி ஏறிக்கொண்டிருந்தவள் நின்றாள்.

“திட்டா, பாராட்டா? நல்லாக் கேட்டு எழுதுடி.”

‘டி’ என்றாள். அதை மட்டும் சரியாகக் கேட்டேன்.