அலைக்காரியின் பொட்டு

ஜூன் 3, செவ்வாய்

விடிய முதல் மழை. காலி வீதியில் பஸ்கள் நகரவில்லை. கொள்ளுப்பிட்டி ஸ்ரூடியோ வரை போய் நனைந்து வேலை செய்வதைவிட வெள்ளவத்தையில் என் பிளாட்டிலேயே இருந்து செய்யலாம் என்று நிப்லாவுக்குப் போன் செய்தேன். உடனே சரி என்றாள். முதலாளி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

புதுக் கொமிக்ஸ் ஒன்று வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒருவன் கோட்டுப்படம் வரைந்து அனுப்புவான், நிப்லாவின் ஸ்ரூடியோவில் நாங்கள் நிறம் போட்டுத் திருப்பி அனுப்புவோம். இந்த முறை நாயகி எங்களைப் போல ஒருத்தி. இந்து சமுத்திரத்தில் ஏதோ ஒரு தீவு. கடல் அவள் சொல்லுக் கேட்கும். புத்தகம் வெளிவரும்வரை பெயரை எங்கும் எழுதக்கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஆகவே இந்தக் கொப்பியில் அவள் அலைக்காரி.

நெற்றியில் பெரிய பொட்டு. சிவப்பு போடச் சொல்லிக் குறிப்பு.

ஜூன் 5

இத்தனை வருடம் இந்தப் பெண்களுக்கு நிறம் போட்டதில் ஒன்று தெரிந்துகொண்டேன். எல்லோருக்கும் ஒரே முகம். தலைமயிரின் நிறம்தான் ஆளை அடையாளம் காட்டும். ஒருமுறை நான் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிப் போட்டுவிட்டேன். மின்னல் அடிக்கிறவள் நெருப்பு அடிக்கிறவளாகிவிட்டாள். வரைந்தவனுக்கே பிடிபடவில்லை.

பனி மூடிய கிரகத்திலும் வயிற்றைத் திறந்துகொண்டு நிற்பார்கள். தலையை ஒருநாளும் பின்ன மாட்டார்கள். சண்டைக்குப் போகிறவள் முதலில் கொண்டையல்லவா போட வேண்டும்?

நியாயமாகச் சொன்னால், இப்போது கொஞ்சம் திருந்தியிருக்கிறார்கள். குதி உயர்ந்த சப்பாத்து குறைந்துவிட்டது. முக்காடு போட்ட ஒருத்தி வந்தாள், நிப்லா அவளுடைய பக்கங்களை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. நரைத்த ஒருத்தியும் வந்தாள். ஆனால் நரைக்கு அனுமதி கிடைத்த அளவுக்கு முகச் சுருக்கத்துக்குக் கிடைக்கவில்லை. அழித்துவிடச் சொல்லிக் குறிப்பு வந்தது.

இன்னொன்று. ஒருத்திக்கும் தாய் கிடையாது. முதல் பக்கத்துக்கு முதலே செத்துப் போயிருப்பாள். அதுவும் சரிதான். அம்மா உயிரோடு இருந்தால், பறக்க வெளிக்கிடும்போதே எங்கே போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டுப் பால்கனியிலேயே நிறுத்திவிடுவா.

ஜூன் 8, ஞாயிறு

தாரிகா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாள். செப்டம்பர் நாலாம் திகதி கல்யாணம், இங்கேயே ஒரு கல்யாண ஹோலில். தங்கச்சி இவ்வளவு சிரித்து நான் பார்த்து நாளாகிறது. சாப்பிட்டுக் கை கழுவும்போது பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, எங்களுக்கு ஆலாத்தி நீதான் எடுக்கோணும்."

மணமக்கள் முன்னால் தட்டுச் சுற்றி ஆலாத்தி எடுப்பது சுமங்கலிகள். இவளுக்குத் தெரியாதா? என் புருஷன் ராகுலன் செத்துப் போய் இரண்டு வருடம். நான் கோப்பையைக் கழுவினேன். அதைத் திரும்பத் திரும்பக் கழுவினேன் போலிருக்கிறது. தாரிகா வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 9

அம்மாவிடம் சொன்னேன். அம்மா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவ. சாதகம் பார்க்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவ. "நான் ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை, உன்ர விருப்பம். சனம்தான் கதைக்கும்," என்றா. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது என்று பழமொழியும் சேர்த்தா.

உன் விருப்பம் என்று சொல்லிவிட்டால் பாரமெல்லாம் என் தலையில்தானே.

ஜூன் 17

அலைக்காரியின் மூன்றாம் இதழ் வந்தது. ஏழாம் பக்கத்தில் புருஷன் சாகிறான். நான் எதிர்பார்த்ததுதான். ஆண் நாயகர்களின் கதையில் பெண் செத்தால் அவனுக்குக் கோபம் வரும், புறப்படுவான். இப்போது பெண்ணுக்கும் அந்த உரிமை கொடுத்திருக்கிறார்கள், முன்னேற்றந்தான். செத்தவனும் ஆறு மாதத்தில் திரும்பி வருவான். இந்த உலகத்தில் ஒருவரும் முழுதாய்ச் சாவதில்லை. அதற்காகவே சில நாட்களில் எனக்கு இந்த வேலை பிடிக்கும், சில நாட்களில் பிடிக்காது.

எட்டாம் பக்கத்திலிருந்து அவள் தனியே. பொட்டு அப்படியே இருக்கிறது. சாம்பலைக் கடலில் கரைக்கும்போதும் இருக்கிறது. வரைந்தவனுக்குத் தெரியவில்லை, பாவம்.

ஜூன் 18

நிப்லா சொன்னாள், உடுப்பு, நகை, வழக்கம் எதிலாவது பிழை இருந்தால் சொல்லச் சொல்லி அங்கத்தைய எடிட்டர் எழுதியிருக்கிறாவாம். "எனக்கு ஒங்கட ஆக்கள்ட வழக்கம் தெரியா. நீங்களே பாத்துச் செல்லுங்க," என்றாள்.

அறிவு கேட்டு ஒருவரும் என்னிடம் வந்ததில்லை, நிறம்தான் கேட்பார்கள். மகிழ்ச்சியாக இருந்தது. உட்கார்ந்து ஒரு பந்தி எழுதினேன். கணவன் இறந்த பின் எங்கள் பெண்கள் குங்குமம் வைப்பதில்லை, எட்டாம் பக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று. நல்ல இங்கிலீஷ். அனுப்பிவிட்டேன்.

ஜூன் 20

நன்றியோ நன்றி. நீங்கள் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய தவறு நடந்திருக்கும் என்று எடிட்டர் எழுதியிருக்கிறா. பொட்டை அழிக்கும் பொறுப்பும் எனக்கே.

நுணலும் தன் வாயால் கெடும்.

ஜூன் 21, சனி

அழிச்சனான். கன்னத்து நிறத்தை எடுத்துப் பொட்டுக்கு மேல விடுறது, அடுத்த படம், திரும்பவும் அதே. கஷ்டமான வேலை ஒண்டும் இல்லை. பத்தாம் பக்கத்தில அவள் நேரா என்னைப் பாக்கிறாள். அழிச்சாப் பிறகு பாத்தன் — எனக்கு அந்த முகத்தைத் தெரியும். ராகுலன்ர செத்தவீட்டண்டு காலமை பாத்ரூம் கண்ணாடியில பாத்தனான்.

எனக்கு ஆர் அழிச்சது? ஒருத்தரும் இல்லை. அம்மா தொடேல்லை, ராகுலன்ர அம்மாவும் தொடேல்லை. ஒருத்தரும் வாய் திறக்க முந்தி நானே முகத்தைக் கழுவிப்போட்டு வந்து இருந்தனான். சொல்லப் போகினம் எண்டு பயத்தில. இரண்டு வருஷமா ஊரைக் குறை சொல்லிக்கொண்டு திரியிறன், ஊருக்கு முதல் ஓடினது நான்தானே? இப்ப இந்தப் பிள்ளைக்கும் நான்தானே செய்தனான்? அவளுக்குச் சொல்ல ஒரு சனமும் இருக்கேல்லை. அமெரிக்காக்காரன் ஒண்டும் தெரியாமல் அவளை நல்லா வைச்சிருந்தவன்.

கண்ணாடி மூலையில என்ர கடைசி ஸ்டிக்கர் பொட்டு இப்பவும் ஒட்டியிருக்கு. நகத்தால எடுத்து வைச்சுப் பாத்தன். பசை இல்லை. விழுந்திட்டுது.

ராகுலன் இருந்தால் சிரிச்சிருப்பார். உஷா, நீ ஆரும் கேளாத கேள்விக்கும் பதில் எழுதுற பிள்ளை எண்டு.

ஜூன் 23

எடிட்டருக்கு எழுதினேன். முதலில் மன்னிப்பு, பிறகு இது:

வழக்கம் என்ன என்று கேட்டீர்கள், சொன்னேன். இவள் என்ன செய்வாள் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கடலையே எழுப்பி நிறுத்துகிறவள், சனம் கதைக்கும் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வர மாட்டாள். பொட்டு புருஷன் கொடுத்ததும் இல்லை. சின்ன வயதுப் படங்களிலும் அவளுக்கு இருக்கிறது, முதலாம் இதழைப் பாருங்கள். தயவுசெய்து திருப்பிப் போட விடுங்கள்.

அனுப்ப முதல் நிப்லாவிடம் காட்டினேன். வாடிக்கையாளரிடம் வாக்கை மாற்றுவது வியாபாரத்துக்கு நல்லதல்ல என்று எனக்கே தெரியும். இரண்டு தரம் வாசித்தாள். தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அனுப்புங்க என்றாள்.

ஜூன் 25

பதில். மற்றப் பக்கங்கள் அச்சுக்குப் போய்விட்டன. கடைசிப் பக்கம் மட்டும் இன்னும் கையில் இருக்கிறது, மாற்றுவதென்றால் இன்றே. இரண்டில் எது சரியானது என்று உறுதிப்படுத்தவும்.

இரண்டும் சரி, ஆனால் கடைசிப் பக்கத்தில் பொட்டு இருக்கட்டும் என்று எழுதினேன்.

கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே படம். பின்னால் கடல் சுவர் போல எழும்பி நிற்க, அவள் கரையைப் பார்த்து நடந்து வருகிறாள். வரைந்தவன் போட்டதைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். புருஷன் ஆறு மாதத்தில் திரும்பி வரட்டும், வராமல் போகட்டும். அதற்கு முதலே இது வந்துவிட்டது.

ஜூலை 13

தாரிகாவுக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன். போனில் அழுதாள். அம்மாவுக்கு நானே சொல்ல வேண்டுமாம்.

ஜூலை 14

சொன்னேன். அம்மா வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. கடைசிக் காய் வரை வெட்டி முடித்தா. பிறகு, சீனியம்மாவுக்கு ஒரு பேச்சுக் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னா. சீனியம்மா அப்பாவின் தங்கச்சி, கொட்டாஞ்சேனையில் இருக்கிறா. அவவுக்குத் தெரிந்தால் கொழும்பு முழுவதற்கும் தெரிந்த மாதிரி.

அதற்குப் பிறகு இன்று முழுவதும் அம்மா என்னோடு கதைக்கவில்லை. கோபமா, பயமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஓகஸ்ட் 27

மூன்றாம் இதழ் வெளிவந்துவிட்டது. வாசகர்கள் எழுதுவதை நிப்லா போனில் காட்டினாள். கதை நல்லது, கடல் நல்லது. ஒருவன் மட்டும் கவனித்திருக்கிறான்: கடைசிப் பக்கத்தில் பொட்டு திரும்பி வந்துவிட்டதாம், நிறம் போட்டவர் தூங்கிவிட்டாராம்.

இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

செப்டம்பர் 5, வெள்ளி

நேற்று எழுத நேரமில்லை.

உடுத்து முடித்து, பட்டுச் சேலையோடு பாத்ரூம் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். குங்குமச் சிமிழ் தாரிகாவினுடையது. அலைக்காரிக்கு ஒரு சொடுக்கில் வைத்த எனக்கு, என் நெற்றியில் நடு எது என்று பிடிபடவில்லை. ஒருமாதிரி வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஹோல் வாசலில் சீனியம்மா மாமி நின்றா. என் நெற்றியைப் பார்த்தா, பக்கத்தில் நின்ற மனுசியைப் பார்த்தா, திரும்ப என் நெற்றியைப் பார்த்தா. கடைசிப் பக்கத்தில் பிழை பிடித்த அந்த வாசகனின் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. சிரித்திருந்தால் அழுதிருப்பேன்.

தாலி கட்டியாயிற்று. ஐயர் ஆலாத்திக்குக் கூப்பிட்டார். நான் எழும்பும்போது அம்மா முன்னால் வந்து வழியை மறித்து நின்றா. இவ்வளவு சனத்துக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லப் போகிறா என்றே நினைத்தேன். அம்மா என் முகத்தை வடிவாகப் பார்த்தா. சேலைத் தலைப்பை விரலில் சுற்றி என் நெற்றியில் ஒரு பக்கத்தைத் துடைத்தா.

"கோணலா வைச்சிருக்கிறாய்," என்றா.

பிறகு பக்கத்துத் தட்டிலிருந்து குங்குமம் தொட்டு, நடுவில், பெரிதாக வைத்துவிட்டு, ஆலாத்தித் தட்டை என் கையில் தந்தா.