கழற்றிய படகு

என் வாயாடிக்கு,

நீ ஏவுகணைப் பயிற்சிக்குப் போன பிறகு, உன் ரோந்துக் கப்பல் எங்கள் பட்டறைக்கு வந்தது. பின்தளத்தில் நான்கு ஏவுகணைப் பெட்டிகளைப் பொருத்தினோம். சின்னக் கப்பல் அல்லவா, எடை தாங்காமல் பின்பக்கம் அமிழ்ந்தது.

"மேஸ்திரி, பின்னாடி இருக்கற அந்த மீட்புப் படகைக் கழட்டிடுங்க, சரியாயிடும்" என்றார் பொறியாளர்.

"ஆபத்துன்னா புள்ளைங்க எதுல ஏறுவாங்க?" என்றேன்.

"இனிமே எவன் கிட்ட வருவான்?" என்று சிரித்தார்.

படகின் நான்கு போல்ட்டைக் கழற்ற அரைநாள் எடுத்துக்கொண்டேன். துருப்பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம், பெயின்ட் அடித்தோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்.

உன் படுக்கையருகே ஒரு கொக்கியை வெல்டிங் செய்திருக்கிறேன். வரைபடத்தில் அது கிடையாது. மிதவைச் சட்டையை அதில் மாட்டு. துண்டு கிண்டு மாட்டினாயோ, தெரியும் சேதி.

அப்பா