அப்பாவுக்கு இருபத்தேழு மதிப்பெண்

மார்ச் 4, செவ்வாய்

மாத்திரைக்கு அனுமதி தரும் ஆபீஸிலிருந்து கடிதம். மறதி நோய் மாத்திரையால் ‘பொருளாதாரப் பயன்’ உண்டா என்று பார்க்கப் போகிறார்களாம். அப்பாவுக்குப் பரீட்சை. மதிப்பெண் குறைந்தால் மாத்திரை கட்.

பயன் என்னவென்று நான் சொல்ல மாட்டேனா? மாத்திரை ஆரம்பித்த பிறகு அப்பா அடுப்பை அணைக்கிறார், கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்குவதில்லை. அதனால்தான் நான் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போக முடிகிறது. அதை எழுதப் படிவத்தில் கட்டமே இல்லை. மகா புத்திசாலிகள்.

மார்ச் 9, ஞாயிறு

அப்பாவுக்கு ட்யூஷன் ஆரம்பித்துவிட்டேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதில் ஆள் கில்லாடி. முப்பது வருஷம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்துக் கழித்தவர் அல்லவா. கிழமைதான் தகராறு.

"தெரிஞ்சு என்னம்மா செய்யப் போறேன்?"

நியாயமான கேள்வி.

மார்ச் 18, செவ்வாய்

பரீட்சை வைத்தவர் ஒரு கோட்டுக்காரர். அவர் "போதும்" என்ற பிறகும் அப்பா விடவில்லை. கழித்துக் கழித்து இரண்டில் போய்த்தான் நின்றார். கிழமையும் சரி. முப்பதுக்கு இருபத்தேழு! எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மாத்திரை நிறுத்தம். இருபத்தாறுக்கு மேல் வாங்கியவருக்கு மருந்து ‘தேவையில்லை’யாம்.

ஆபீஸுக்கு ஓடினேன். கோட்டுக்காரர் சிரித்தார். "உங்கப்பா நல்லா இருக்காரேம்மா. சந்தோஷப்படுங்க."

"நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன்!"

"அப்படியா? அப்ப மறுபரீட்சைக்கு எழுதிக் குடுங்க. ஆறு மாசம் ஆகும்."

குறைந்தாலும் கிடையாது, கூடினாலும் கிடையாது. அவங்களச் சொல்லி என்ன — என்னைச் சொல்லணும். யாரு என்னைப் பாடம் எடுக்கச் சொன்னா?

ஏப்ரல் 24, வியாழன்

பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. பக்கத்து வீட்டுக்காரர் கடைக்குப் போன் செய்தார்.

மே 5, திங்கள்

வேலையை விட்டுவிட்டேன்.

மே, கடைசி வாரம்

புதுப் படிவம் வந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தியதால் குடும்பத்துக்கு என்ன செலவு என்று கேட்கிறார்கள். இந்த முறை எனக்கும் கட்டம் உண்டு! ‘கவனித்துக்கொள்பவரின் தொழில்’ — இல்லை என்று எழுதினேன். அடியில் பொடி எழுத்து: தொழில் இல்லாதவரின் நேரத்துக்கு மதிப்பு பூஜ்யம். அடடா, வேலையை விட்டு அவர்களுக்கு எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்! மாலை போட வேண்டாமா எனக்கு?

எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா என் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"கடைக்கு நேரமாச்சே, கிளம்பலையா?"

"இன்னைக்கு லீவுப்பா."

"லீவா? இன்னைக்கு என்ன கிழமை?"

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.