காலி உறையும் ஒரே கோட்டும்

ஜூலை 9, செவ்வாய்

இன்று கல்லூரியில் மூன்றாம் ஆண்டு லாஜிஸ்டிக்ஸ் மாணவர்கள் எல்லோரையும் படம் எடுத்தார்கள். கோட்டு ஒன்றுதான். ஒருவர் கழற்றியதும் அடுத்தவர் என்று மாட்டிக்கொண்டோம். கையில் கொடுத்த வேலை உத்தரவு உறையைப் பிரித்துப் பார்த்தேன். காலி.

"வேல கெடச்சப்புறம்தானே சார் போட்டோ?" என்றேன்.

"அப்போ உங்களயெல்லாம் எங்கே போய்த் தேடுறதும்மா?" என்றார் சார்.

கோட்டின் இடது கையில் ஒரு பொத்தான் இல்லை. கல்லூரி வாசல் விளம்பரப் பலகையில் சிரிக்கும் பழைய மாணவர் குமார் அண்ணனின் கோட்டிலும் அதே பொத்தான் இல்லை. அந்தப் பலகையைப் பார்த்துத்தான் அப்பா என்னை இந்தப் படிப்பில் சேர்த்தார்.

மாலையில் டோல்கேட்டில் நான் ஏறப்போன ஷேர் ஆட்டோவை ஓட்டியது பலகையில் சிரிக்கும் அதே முகம்.

"அண்ணா, நீங்க கப்பல் கம்பெனில கீறதா காலேஜ் போர்டுல போட்டுகீதே?"

"அப்டியா? என்கிட்ட யாரும் சொல்லலியே. எர்ணாவூர்தானே, குந்து."

வீட்டில் அம்மா, "போட்டோல சிரிச்சியா?" என்று மட்டும் கேட்டாள். நன்றாகவே சிரித்திருக்கிறேன். படத்துக்குக் கீழே எனக்கு என்ன வேலை போடுவார்கள் என்றுதான் கேட்காமல் வந்துவிட்டேன்.